கூடு கட்டுமுன்

1760-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்தில், ரெயோமூர் என்ற பிரசித்தி பெற்ற இயற்கை ஆராய்ச்சியாளரின் காட்சிச்சாலையைப் பராமரித்து வந்த மாத்யூரேன் ஜாக் பிரிஸோன் என்ற அறிஞர், உலகத்துப் பறவைகளின் அலகையும் இறகையும் காலையும் அளந்து வர்ணித்து, ஆறு பாகங்கள் கொண்ட ஒரு பெரிய பக்ஷி சாஸ்திர நூலை வெளியிட்டபோது, தலையும் கழுத்தும் மார்பும் வெண்மையாகவும் மற்ற உடலெல்லாம் செங்காவி நிறமாகவும் இருந்த ஒரு பறவைக்குப் 'புதுச்சேரிக் கழுகு' என்று பெயரிட்டார். பின்னர் பூஃபோன் பிரபுவின் மேற்பார்வையில் அச்சான வர்ணப் படங்களிலும் அது அதே பெயரோடு இடம் பெற்றது. ஹாலந்து தேசத்து வைத்தியரான பீட்டர் பொடார்ட் 1783-இல் அந்தப் படங்களில் உள்ள பறவைகளுக்கு லத்தீன் பெயர் சூட்டியபோது இதற்குக் கொடுத்த 'இண்டஸ்' என்ற சொல், 'ஹாலியாஸ்டர் இண்டஸ்' என்று இன்று விஞ்ஞானிகள் எழுதும் பெயரில் நிலைத்துவிட்டது. ஆகவே விஞ்ஞானத்தின் ஏட்டில் இந்தப் பறவைக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. நம்மவர்கள் இதைச் செம்பருந்து என்றும், பக்தி மேலிட்டால் கருடன் என்றும் அழைத்து வருகிறார்கள்.

ஒரு பறவையின் ஆண்டுச் சக்கரத்தில் எந்தப் பருவம் நம் கவனத்துக்கு முதன்மையாக உரியது என்று கேட்டால், பெரும்பாலோர் குஞ்சு பொரித்த பின் வரும் நாட்களையே சொல்வார்கள். வாய் பிளந்து காத்திருக்கும் குஞ்சும் அதற்கு ஊட்டும் தாயும் யார் மனத்தையும் கவரும் காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முட்டை இடுவதற்கு முந்தைய வாரங்களில், கூடென்று சொல்லத்தக்க ஒன்று இன்னும் உருவாகாத நிலையில், ஆணும் பெண்ணுமாக இரண்டு பறவைகள் ஒரு மரத்தையும் ஒன்றையொன்றும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில்தான், பிறகு நடக்கப்போவதில் பெரும்பகுதி நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரமானவற்றை, ரெட்டியார்பாளையத்தில் நான் கவனித்து வந்த ஒரு செம்பருந்து ஜோடியை முன்னிட்டு இந்த அத்தியாயத்தில் சொல்ல விரும்புகிறேன்.

இந்த ஆயத்த காலத்தை ஊன்றிக் கவனிக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1782-இல் ஐக்கிய நாட்டின் அரசு முத்திரையில் இடம் பெற்ற வெண்தலைக் கழுகு, முட்டையிடுவதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே தன் பழைய கூட்டுக்கு வந்து, அதன் மேல் புதுச் சுள்ளிகளை அடுக்கத் தொடங்கிவிடும். ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியை அடுத்த வெர்மிலியன் என்ற ஊரில் இருந்த அப்படிப்பட்ட ஒரு கூட்டைப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஹெரிக், 1920-களில், அருகே ஓர் இரும்புக் கோபுரத்தை எழுப்பி, அதன் உச்சியிலிருந்து ஆராய்ந்தார். 34 ஆண்டுகள் தொடர்ந்து பயன்பட்டு, ஆண்டுதோறும் அடுக்கிய சுள்ளிகளால் ஏறத்தாழ இரண்டு டன் எடையை எட்டிய அந்தக் கூடு, கடைசியில் மரம் காற்றில் சாய்ந்தபோதுதான் அழிந்தது. நம் செம்பருந்து அந்தக் கழுகின் முன்னே மிகச் சிறியது. எடை அரைக் கிலோவையொட்டியே இருக்கும். ஆயினும் கடற்கழுகுகளின் குலத்துக்கு இது மிக நெருங்கிய உறவு என்பதை மரபணு ஆராய்ச்சியும் உறுதி செய்திருக்கிறது. நீர்நிலையை அண்டி வாழ்வதும், மீனையும் செத்ததையும் உண்பதும், ஒரே மரத்துக்கு ஆண்டுதோறும் மீண்டு வருவதும் இரண்டுக்கும் பொதுவான ஸ்வபாவங்கள்.

ரெட்டியார்பாளையம், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், இந்திரா காந்தி சதுக்கத்தைக் கடந்து மேற்கே போகிறவர்கள் மூலக்குளத்தை அடையுமுன் காணும் பகுதி. உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. தோப்பும் வயலுமாக இருந்த நிலங்கள் மனைகளாகி, மனைகள் மாடி வீடுகளாகி, இன்று இங்கே ஆகாயத்தைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். ஆனாலும் வீடுகளின் பின்புறத்தில் தப்பிப் பிழைத்த தென்னைகளும், சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களும், கோயிலை ஒட்டிய அரசும் வேம்பும் இன்னும் உயர்ந்து நிற்கின்றன. கிழக்கே சில கல் தொலைவில் கடலும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும். மேற்கே சில கல் தொலைவில், புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகச் சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஊசுட்டேரி. இரண்டு பெரிய உணவுச் சாலைகளுக்கு நடுவே ஓர் உயர்ந்த மரம் என்பது செம்பருந்துக்கு எவ்வளவு மதிப்புள்ள உடைமை என்பதை இந்தப் பூகோளமே விளக்கிவிடும்.

தென்னிந்தியாவில் செம்பருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது நம் கணக்கில் கார்த்திகையின் பிற்பகுதியிலிருந்து சித்திரையின் முற்பகுதி வரை, இனப்பெருக்கம் செய்கிறது. நான் கவனித்த ஜோடி ஐப்பசி அடைமழையின்போதும் இந்தப் பக்கத்தில் தென்பட்டதுண்டு. ஆனால் அப்போது அவை தனித்தனியாக வந்து, தனித்தனியாகப் போயின. கார்த்திகை பிறந்து, மழை சற்று ஓய்ந்து, வானம் வெளுத்த காலை ஒன்றில் இரண்டும் ஒரே தென்னையின் மட்டையில் சிறிது இடைவெளி விட்டு அமர்ந்திருப்பதைக் கண்டேன். சில நாட்களில் அந்த இடைவெளி குறைந்தது. கழுகு, பருந்து இனங்களில் பெண்ணே ஆணைவிடப் பெரியது என்பது பொது விதி. அவ்விதியைக் கொண்டு, வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சற்றுப் பருத்த பறவையே பெண் என்று ஊகித்தேன். பிறகு அதன் நடத்தை அந்த ஊகத்தை மெய்ப்பித்தது. இரண்டுக்கும் வெள்ளை மார்பில், அருகே வந்தால் மட்டும் புலப்படும் மெல்லிய கரிய கோடுகள் இருந்தன. முதல் ஆண்டுக் குஞ்சுகள் உடல் முழுவதும் பழுப்பாகவே இருக்கும். கரும்பருந்தென்று மயங்கக்கூடிய அவற்றைப் பிளவில்லாத வட்டமான வாலைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும். வெண்மையும் செம்மையும் பூரணமாக வருவதற்கு மூன்றாம் ஆண்டு ஆகிவிடும். ஆகவே முதிர்ந்த நிறமுடைய ஒரு பறவை, முதலிரண்டு ஆண்டுகளின் பசியையும் அனுபவமின்மையையும் வென்று வந்த பறவை என்று அந்த நிறத்தைக் கொண்டே அறியலாம். துணையைத் தேடும் மற்றொரு செம்பருந்தும் அதை அறியும் என்று நினைக்கிறேன்.

அதன் பின் வந்தது ஆகாயத்தில் நிகழ்ந்த பரீக்ஷை. வெயில் ஏறி, தரையிலிருந்து வெப்பக் காற்று மேலெழத் தொடங்கும் ஒன்பது பத்து மணியளவில் இரண்டும் சேர்ந்து வட்டமிட்டு ஏறும். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயுமாக, இறக்கைகளை அசைக்காமல், கண்ணுக்கு எட்டாத உயரம் வரை போய்விடும். திடீரென்று மேலே இருப்பது கீழே பாயும். கீழே இருப்பது கடைசிக் கணத்தில் புரண்டு, கால்களை மேலே நீட்டி, நகங்களைக் காட்டும். தொட்டுவிட்டன என்று நாம் எண்ணும் தருணத்தில் இரண்டும் பிரிந்துவிடும். வெண்தலைக் கழுகுகள் இந்த விளையாட்டை அதன் எல்லைக்கே கொண்டு போய், நகத்தோடு நகம் கோத்து, சுழன்று சுழன்று தரையை நோக்கி வீழ்ந்து, கடைசியில் விடுவித்துக் கொள்வது பிரசித்தம். இதை வெறும் களிப்பென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வரப்போகும் மூன்று மாத காலம் பெண்ணும் குஞ்சுகளும் பெருமளவுக்கு ஆணின் வேட்டையையே நம்பியிருக்க வேண்டியிருப்பதால், அதன் இறக்கைகளின் வலிமையையும் கண்ணின் கூர்மையையும் காலின் நிதானத்தையும் பெண் நேரில் அளந்து பார்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம் இதைவிட வேறொன்று இல்லை. இந்தத் திறமைக்குப் பயிற்சி இளமையிலேயே தொடங்கிவிடுகிறது: இளம் செம்பருந்துகள் ஓர் இலையை உயரத்திலிருந்து நழுவ விட்டு, அது தரையைத் தொடுமுன் பாய்ந்து பிடித்து விளையாடுவதைப் பறவை நோக்குவோர் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த இந்த ஆயத்தத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மற்றோர் ஆயத்தம் பறவையின் உடலுக்குள் நடந்து கொண்டிருக்கிறது. பறப்பதற்காகவே அமைந்த உடல் அநாவசியமான எடையைச் சுமக்காது. ஆகையால் இனப்பெருக்க காலம் முடிந்ததும் பறவைகளின் விரைகளும் அண்டகமும் சுருங்கிச் சிறுத்துவிடுகின்றன. பருவம் திரும்பும்போது அவை பல மடங்கு, சில இனங்களில் நூறு மடங்குக்கும் மேலாக, வளர வேண்டும். இவ்வளவு பெரிய மாறுதலை எப்போது தொடங்குவது என்று உடலுக்கு அறிவிப்பது எது? குளிர் நாடுகளில் அந்தச் செய்தியைப் பகலின் நீளம் கொண்டு வருகிறது என்பது நன்கு நிரூபணமான உண்மை. ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணர்விகளைத் தொட, அங்கிருந்து ஹார்மோன்களின் தொடர் ஒன்று புறப்படுகிறது. ஆனால் அலாஸ்காவின் தென்பகுதியில் கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 12 மணி நேரம் வித்தியாசம் இருக்க, பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையில் இருக்கும் புதுச்சேரியில் அந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவே. இவ்வளவு சிறிய மாறுதலை ஒரு பறவை உணருமா என்று வெகுகாலம் சந்தேகித்தார்கள். பனாமா தேசத்துக் காட்டில் வாழும் எறும்புப்பறவை என்ற ஒரு சிறு பறவையை வைத்துச் சோதித்த மிக்கேலா ஹாவும் அவருடைய சகாக்களும், பகல் வெறும் 17 நிமிடம் நீண்டாலே அதன் உடல் அதை உணர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்குகிறது என்று 1998-இல் காட்டினார்கள். வெப்ப நாட்டுப் பறவைகளுக்கு நாட்காட்டி இல்லை என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. செம்பருந்தைப் பொறுத்தவரை, பகலின் நீளத்தோடு மழையும் இரையின் பெருக்கமும் சேர்ந்தே அந்தச் செய்தியைச் சொல்கின்றன என்று கருதுவது பொருத்தமாக இருக்கும்.

பெண்ணின் உடலில் நடப்பது இன்னும் விசேஷமானது. செம்பருந்து வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் நீளமும் 41 மில்லிமீட்டர் அகலமும் உடையது, அதாவது ஒரு சிறிய நாட்டுக்கோழி முட்டையின் பருமன். அரைக் கிலோ எடையுள்ள ஒரு பறவை, சில நாட்கள் இடைவெளியில், அப்படிப்பட்ட இரண்டு முட்டைகளுக்கும் வேண்டிய ஓட்டை உருவாக்கச் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போகும்? முட்டையிடும் காலம் நெருங்கும்போது பெண் பறவையின் கால் எலும்புகளுக்குள் இருக்கும் உட்குழிவில், மெல்லிய எலும்பிழைகள் புதிதாக வளர்கின்றன. உடலைத் தாங்குவதற்கு அவற்றால் பயனில்லை. ஓடு உருவாகும்போது கரைத்தெடுப்பதற்கென்றே சேமித்து வைத்த சுண்ணாம்புச் சத்து அது. அலகில் சுள்ளி ஏந்தி வரும் பெண் செம்பருந்தைப் பார்க்கும்போது, அதன் தொடைக்குள் மற்றொரு கட்டுமானமும் நடந்து கொண்டிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

இதைத் தெரிந்து கொண்ட பிறகு ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கும் காட்சிக்குப் புதிய அர்த்தம் உண்டாகிறது. மார்கழியின் முற்பகுதியில், பெண் தென்னை மட்டையில் அமர்ந்து, பூனைக்குட்டி அழுவது போன்ற நீண்ட குரலில் விடாமல் கத்தும். மேற்கிலிருந்து ஆண் வரும். அதன் காலில் ஒரு சிறிய ஜிலேபிக் கெண்டையோ, வயல் நண்டோ, சில சமயம் அடையாளம் தெரியாத ஏதோ ஒன்றோ இருக்கும். பெண் அதைப் பறித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்று உண்ணும். சில காலை வேளைகளில் ஆண் வெறுங்காலோடு வந்து அருகில் அமர முயன்றபோது பெண் அதைத் துரத்திவிட்டதையும் பார்த்தேன். இந்த நாட்களில் பெண் வேட்டைக்கு அதிகமாகப் போவதில்லை. அது பெறும் ஒவ்வொரு மீனும் முட்டையாக மாறவேண்டிய பொருள். பெண் ஒரே இடத்தில் அமர்ந்து எடை கூடுவதும், ஆண் ஓயாமல் அலைந்து அந்த எடையைச் சம்பாதிப்பதும் வரப்போகும் குடும்பத்தின் பொருளாதாரத்துக்கு ஒத்திகை. ஆண் நாளெல்லாம் வெளியே இருப்பதால் தன் துணையை அருகிருந்து காவல் காக்க முடியாது. அதனால்தான் வேட்டைப் பறவைகள் முட்டையிடுமுன் பல வாரங்கள் அடிக்கடி கூடுகின்றன என்று விளக்கம் சொல்வோரும் உண்டு.

கூடு கட்டும் வேலை இதற்கிடையே மெதுவாகத் தொடங்கியது. மெதுவாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சில நாட்கள் கொண்டு வந்தவற்றில் பாதி கீழே விழுந்தது. அந்தத் தென்னையின் கொண்டையில், மட்டைகள் பிரியும் இடத்தில், பன்னாடையும் பாளையும் சிக்கலாகக் கிடக்கும் மேடைமேல் முந்தைய ஆண்டுக் கூட்டின் எச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண் அருகிலிருந்த வேம்பின் பட்ட கிளைகளை நோக்கிப் பறந்து வந்து, நிற்காமலே ஒரு சுள்ளியைக் காலால் பற்றி, உடல் எடையும் வேகமும் சேர்ந்து அதை முறிக்கும்படி செய்து, அப்படியே தூக்கிக்கொண்டு போகும். பச்சைக் கிளை வளையும், ஒடியாது. அதைப் பற்றிவிட்டால் பறவை தடுமாறித் தலைகீழாகத் தொங்க நேரும். ஆகவே உலர்ந்ததைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அதற்கு வேண்டும். பெரும்பாலும் ஆண் கொண்டுவர, பெண் அதை வாங்கி, அலகால் இழுத்தும் தள்ளியும், தன் மார்பை அழுத்திச் சுழன்றும், நடுவில் ஒரு பள்ளம் அமையும்படி செய்தது. முடிந்தபோது அது கண்ணளவில் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலம் இருந்தது.

காகங்கள் இந்த வேலையைச் சும்மா விடவில்லை. ஒன்று வாலைப் பிடித்து இழுக்க, பெண் திரும்பும் நேரத்தில் மற்றொன்று சுள்ளியைக் களவாடிக்கொண்டு போய்விடும். காகத்துக்கும் தன் கூட்டுக்குச் சுள்ளி வேண்டும். பருந்தின் முட்டையும் வேண்டும். கூடு கட்டும் பருவத்திலேயே காகத்தை எதிர்த்து நிற்கத் தெரியாத ஜோடி, அடைகாக்கும் பருவத்தில் என்ன பாடு படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுள்ளி அடுக்கி முடிந்த பின், கூட்டின் உட்புறத்தில் விரிப்பதற்குப் பறவைகள் பச்சை இலைகளைக் கொண்டு வந்தன. கூடவே துணிக் கிழிசலும், கயிற்றுத் துண்டும், ஏதோ ஒரு காகிதமும் வந்து சேர்ந்தன. பச்சை இலை எதற்காக என்பதில் விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டு. இலைகளின் வாசனையும் சாறும் உண்ணிகளையும் பேன்களையும் விலக்கும் என்பது ஒரு கட்சி. கல்கத்தாவில் சிட்டுக்குருவிகள் கூட்டில் வேப்பிலை கொண்டு வைப்பதை இந்த நோக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தக் கூடு காலியில்லை என்று மற்ற ஜோடிகளுக்கு அறிவிக்கும் அடையாளம் அது என்பது மற்றொரு கட்சி. இரண்டாவதற்கு வலுவான ஆதாரம், நம் ஊர்க் குப்பைமேடுகளில் சுற்றும் கரும்பருந்தைப் பற்றி ஸ்பெயின் தேசத்தில் செய்த ஓர் ஆராய்ச்சியில் கிடைத்தது. அங்கே தோஞானா என்ற தேசியப் பூங்காவில் கரும்பருந்துகள், முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கூட்டை வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளால் அலங்கரிக்கின்றன. நல்ல இடமும் நல்ல வலிமையும் உள்ள, ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஜோடிகளே அதிகம் அலங்கரித்தன. இளையவையும் முதியவையும் அவ்விதம் செய்யவில்லை. ஆராய்ச்சியாளர்கள் எளிய ஜோடி ஒன்றின் கூட்டில் தாமே அதிகப்படியான பிளாஸ்டிக்கை வைத்தபோது, அந்த ஜோடி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டது. இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டினால் மற்றவை வந்து சோதித்துப் பார்க்கும் என்பதே காரணம். 2011-இல் வெளியான இந்த ஆராய்ச்சியைப் படித்த பின், ரெட்டியார்பாளையத்துத் தென்னையிலிருந்து தொங்கிய அந்த நீலத் துணிக் கிழிசலை அசட்டையாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி, ஏன் இந்த மாதம் என்ற கேள்விக்கு வருவோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை ஊசுட்டேரியையும் சுற்றுப்புறக் குளங்களையும் நிரப்பிவிடுகிறது. நீர் பெருகிய அந்தக் காலத்திலேயே கூடு கட்டினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் பெருகிய நீர் கலங்கிய நீர். மீன் ஆழத்திலும் அகலத்திலும் சிதறிக் கிடக்கும். கண்ணால் கண்டு காலால் அள்ளும் பறவைக்கு அது நல்ல காலமன்று. அதோடு புயலும் அந்த மாதங்களுக்கே உரியது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தென்னங்கொண்டையில் அமைந்த எந்தக் கூடும் அதைத் தாங்கியிருக்காது. தை பிறந்தபின் நீர் தெளிந்து, மாசியிலும் பங்குனியிலும் ஏரி மெல்ல வற்றத் தொடங்குகிறது; மீனும் நண்டும் தவளையும் குறுகிய, ஆழமற்ற நீரில் நெருக்கமாகக் கூடிவிடுகின்றன. குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருப்பது அப்போதுதான். முட்டையின் அடைகாலத்தையும் குஞ்சு வளரும் ஏழெட்டு வாரத்தையும் பின்னோக்கிக் கணக்கிட்டால், மார்கழியில் கூடு தயாராக இருக்க வேண்டும் என்ற விடை தானே கிடைத்துவிடும். ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 2014-இலும் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். அந்தச் சரணாலயத்தின் பயன் அதன் கரையோடு நின்றுவிடவில்லை. சில கல் தள்ளி, ஒரு வீட்டின் கொல்லையில் நிற்கும் மரத்தின் உச்சி வரை நீள்கிறது.

ஆயத்தம் முழுவதும் சரியாக நடந்தும் முடிவு பாழாகக்கூடும் என்பதை வெண்தலைக் கழுகின் சரித்திரம் காட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அமெரிக்கர்கள் வயலெங்கும் தூவினார்கள். அது நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற கழுகின் உடலில் தங்கி, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கருப்பைச் சுவரின் வழியே வந்து சேர்வதைத் தடுத்தது. கழுகுகள் வழக்கம் போல் ஆகாயத்தில் கூடி விளையாடின, சுள்ளி அடுக்கின, முட்டையும் இட்டன, அடைகாக்க உட்கார்ந்தபோது தாயின் எடையைத் தாங்காமல் மெல்லிய ஓடு நொறுங்கியது. 1963-இல் அலாஸ்கா நீங்கலான நிலப்பகுதியில் எஞ்சியிருந்தவை 417 ஜோடிகளே. 1972-இல் அம்மருந்துக்குத் தடை வந்தது. 2007-இல், ஜோடிகளின் தொகை ஒன்பதாயிரத்தைக் கடந்த நிலையில், அந்தக் கழுகை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இந்தியாவில் விவசாயத்துக்கு அதைப் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு மட்டும் அதன்பின்னும் அனுமதி இருந்து வந்தது.

செம்பருந்துக்கு இந்த ஊரில் உடனடியாக உள்ள தொல்லை மரத்தைப் பற்றியது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல், கூடு கட்டும் பருவத்தின் நடுவே, இந்தப் பிரதேசத்து மரங்களைக் கணக்கின்றிச் சாய்த்தது. புயலில் விழுந்த மரத்துக்கு ஈடாக மற்றொன்று முளைக்கலாம். மனையாகிவிட்ட நிலத்தில் அது முளைப்பதில்லை. செம்பருந்து ஒரே மரத்துக்கு மீண்டு வரும் பறவையாதலால், அந்த மரம் போன பின் வரும் முதல் மார்கழியில், அலைந்து திரிந்து புது மரம் தேடுவதிலேயே ஆயத்த காலம் செலவாகிவிடும். தாமதமாக இட்ட முட்டையின் குஞ்சு, ஏரி வற்றிப் போன பின் பசித்துக் கிடக்கும். ஆகையால் பழைய, உயர்ந்த மரமொன்றை வெட்டுவது என்று முடிவு செய்பவர்கள் ஆனியிலோ ஆடியிலோ வெட்டுவதற்கும் மார்கழியில் வெட்டுவதற்கும் உள்ள வேற்றுமையையாவது அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

கருடனென்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பகுத்தறிவாளர் சிலர் பரிகசிக்கக்கூடும். நான் பரிகசிக்க மாட்டேன். ஐரோப்பாவில் பல வேட்டைப் பறவைகளைத் துப்பாக்கியும் நஞ்சும் வைத்து ஒழித்த காலத்திலும், நம் நாட்டில் இந்தப் பறவையின்மேல் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தத் தென்னையுள்ள கொல்லையைக் கவனித்துக்கொள்ளும் முதியவரிடம், காய் வெட்டும்போது கூட்டுக்குச் சேதம் வராதா என்று ஒரு நாள் கேட்டேன். "ஐயா, அந்த மரத்துல மட்டும் ஏற வேணாம்னு மரமேறிகிட்ட சொல்லிட்டேங்க. கருடன் முட்டை வைக்கிற காலம். பங்குனி வரைக்கும் அந்தக் காய் நமக்கில்லீங்க" என்றார். சரணாலயச் சட்டம் எட்டாத ஓர் இடத்தில், அந்த மரத்தின் இரண்டு மூன்று வெட்டு மகசூலை அவர் தாமாகவே விட்டுக் கொடுத்திருந்தார். திருக்கழுக்குன்றத்து மலையில் தினந்தோறும் வந்து பிரசாதம் உண்டுபோன இரண்டு கழுகுகள், அவ்வளவு பக்தியிருந்தும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் வராமல் நின்றுவிட்டன என்பதையும் மறக்கலாகாது. மஞ்சள்முகப் பாறு என்ற அந்த இனம் இந்தியா முழுவதிலும் குறைந்துவிட்டது. மக்களின் மரியாதையோடு இரையும் இடமும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இந்தப் பருவத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிகுந்த சாதனங்கள் வேண்டியதில்லை: ஒரு சாதாரண இருகண்ணோக்கி, ஒரு குறிப்பேடு, கூட்டிலிருந்து நூறடிக்குக் குறையாத தூரத்தில் ஓர் இடம், இவை போதும். நெருங்கிப் போனால் கட்டி முடியாத கூட்டைப் பறவைகள் கைவிட்டுவிடக்கூடும். முட்டையிட்ட பின்பு இருக்கும் பிடிவாதம் அவற்றுக்கு இப்போது இல்லை. முதலில் இரண்டும் ஒரே மரத்தில் அமரும் நாள், சேர்ந்து வட்டமிடும் நாள், முதல் சுள்ளி, முதல் பச்சை இலை என்று தேதியிட்டு ஆண்டுதோறும் எழுதி வைத்தால், மழை முந்திய ஆண்டுக்கும் பிந்திய ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஏட்டிலேயே தெரிந்துவிடும். ஆயத்தம் முடிந்தது என்பதற்கு அடையாளமும் தெளிவானது. அதுவரை ஆண் இரையோடு வந்ததும் எழுந்து பறந்து போய் வாங்கிக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் எழுந்திராமல், கூட்டின் விளிம்புக்கு மேல் வெண்தலை மட்டும் தெரியும்படி தாழ்ந்து அமர்ந்திருக்கும். ஆண் கூட்டுக்கே வந்து இரையை வைத்துவிட்டுப் போகும். நான் கவனித்த ஜோடியில் இது மார்கழிக் கடைசியில் நிகழ்ந்தது. அன்றிலிருந்து 26 அல்லது 27 நாட்களில் குஞ்சு வெளிவரும். அந்த நாட்களின் செய்தி அடுத்த அத்தியாயத்துக்கு உரியது.